சேதி சொன்னவளிடம் என்ன கேட்பது?

கேள்வி: கூட வேலை பார்க்கும் தோழி, 'முழுகாம இருக்கேன்' என்று என்னிடம் மட்டும் சொன்னாள். வாழ்த்தினேன். அப்புறம் என்ன பேசுவதென்று தெரியவில்லையே?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: 'உனக்கு எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை உங்கள் பிரசவக் கதை, அத்தை பிரசவக் கதை எல்லாம் காத்திருக்கட்டும். சந்தோஷத்தோடு பயமும் இருக்கும், இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மசக்கையை வைத்து 'பையன்தான்' என்று ஜோசியம் வேண்டாம். ஸ்கேன் பார்க்கிற டாக்டரே சொல்லக் கூடாதென்று 1994-லேயே சட்டம் வந்தாயிற்று. நமக்கெதற்கு அந்த வேலை?

சேதியை அடுத்த மேஜைக்குக் கடத்தாதீர்கள். கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களுக்குள் நேர்பவை. அதனால்தான் பலரும் அதுவரை வெளியில் சொல்வதில்லை. உங்களிடம் முன்பே சொன்னாள் என்றால், நல்லதோ கெட்டதோ நீங்கள் கூட இருப்பீர்கள் என்று நம்புகிறாள்.

2017-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அவளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். மாங்காய் வாங்கித் தர ஊரே இருக்கிறது. செக்கப் போகிற நாளில் அவள் வேலையில் பாதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.