சதுரடி மாமா

வீடு கட்டுகிற யாரும் இவரை அழைப்பதில்லை. தரைக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள் என்ற சேதி மட்டும் எப்படியோ காதுக்கு எட்டிவிடும். மறுநாள் காலை, சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே இன்ச் டேப்போடு நிற்பார். கணக்கு வாத்தியாராகவோ கூட்டுறவு வங்கிக் காசாளராகவோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார். சொந்தமாக வீடு கட்டியிருக்க மாட்டார், இது முக்கியம்.

“மாப்ள, பத்துக்குப் பன்னிரண்டு ரூம். நூத்தி இருபது சதுரடி. ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் ஒண்ணு நாலு சதுரடி. நாலால வகு. முப்பது! பெட்டிக்கு நாலு, ஆக ஏழரைப் பெட்டி.” சுவரில் பென்சிலால் விடையை எழுதி அடியில் இரண்டு கோடு இழுப்பார்.

உடைந்தால்? ஏன் உடையணும்? வெட்டினால்? ஏன் வெட்டணும்? நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை கூடுதலாக வாங்கும் வழக்கம், அவரைப் பொறுத்தவரை கடைக்காரரும் மேஸ்திரியும் சேர்ந்து செய்யும் சதி. “அரைப் பெட்டி உடைச்சுத் தர்றதில்ல சார். புது வீட்டுக்கு ஏழரை எதுக்கு, எட்டாவே எடுத்துக்குங்க” என்று கடைக்காரர் சொல்லும்போதுதான் கொஞ்சம் இறங்குவார். 2 டைல்ஸ் மிச்சமாகுமே என்ற கவலையோடு.

நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 120தான். அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் ‘ரெண்டடி’ என்பது பேச்சுக்குத்தான். டைல்ஸின் அளவு 600 மில்லிமீட்டர். 2 அடிக்கு ஏறக்குறைய அரை விரற்கடை குறையும். பன்னிரண்டடியில் ஆறு டைல்ஸ் ஒட்டினால் கடைசியில் இரண்டேகால் அங்குலம் தரை பல்லிளிக்கும். அகலத்திலும் ஏறக்குறைய இரண்டு அங்குலம். ஸ்பேசர் வைத்து இடைவெளி விட்டாலும், சுவரோரம் ‘ட’ வடிவத்தில் ஒரு சந்து மிஞ்சும். போதாக்குறைக்கு, கொத்தனார் எழுப்பிய சுவர் இந்தப் பக்கம் பத்தடி என்றால் அந்தப் பக்கம் பத்தடி ஓரங்குலம். மாமா இந்தப் பக்கம் மட்டும்தான் அளந்திருப்பார்.

ஸ்கர்ட்டிங் என்ற ஒன்றை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சுற்றளவு 44 அடி. கதவுக்கு 3 அடி போக 41. நாலு அங்குலப் பட்டையாக அறுத்தால் ஒரு டைல்ஸில் ஐந்துதான் தேறும். ஆறாவதில் கொஞ்சத்தை பிளேடு தின்றுவிடும். அதற்கே 5 டைல்ஸ் போய்விடும்.

“சார், ஒரு பெட்டிக்கு மேல குறையுது” என்பார் மேஸ்திரி. கடையில் அதே டிசைன் இருக்கும், அதே பேட்ச் இருக்காது. வந்த பெட்டியைப் பிரித்தால் பழையது சந்தனம், புதியது மோர்.

மாமா அசர மாட்டார். “கட்டிலுக்கு அடியில போட்டுரு. ஆறுக்கு ஆறரை, முப்பத்தொன்பது சதுரடி. ஒன்பது டைல்ஸை ஒளிச்சிரலாம். நமக்குக் குறையறது அஞ்சோ ஆறோதானே?”

“அங்க நேத்தே ஒட்டி முடிச்சாச்சு சார்.”