ஸ்பெக்கில் அடங்காத காயில்

பகலில் நான் காயில்களைக் கழித்துக்கட்டுகிறவன். ஒரகடம் சிப்காட்டில், பெரிய கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் குவாலிட்டி டிபார்ட்மென்ட். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார்தான் எங்கள் சரக்கு. உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றிச் சன்னமான செம்புக்கம்பி, அவ்வளவே. எதிரே பல்சக்கரம் சுற்றும். ஒவ்வொரு இரும்புப் பல்லும் காந்தத்தைக் கடக்கும்போது கம்பியில் துளி மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்ததை நாங்கள் மூன்று ஷிப்டில் செய்துகொண்டிருக்கிறோம். காயிலின் ஓம் அளவு டிராயிங்கில் சொன்ன எல்லைக்குள் நின்றால் பச்சை டிரே. தாண்டினால் சிவப்பு டிரே. சிவப்பு டிரேக்குப் போனது யார் சிபாரிசிலும் திரும்பி வராது.

ராத்திரி எலெக்ட்ரிக் கிட்டார். பல்சக்கரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எஃகுத் தந்தியைக் கட்டினால் எங்கள் சென்சாரே கிட்டார் பிக்கப் ஆகிவிடும். தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் குலுங்கும், காயிலில் மின்சாரம் வரும், ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கி மாடியிலிருக்கும் ஹவுஸ் ஓனரம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரே சரக்குதான். என்ன, பகலில் எந்த மாதிரிக் காயிலைச் சிவப்பு டிரேயில் வீசுகிறேனோ, அந்த மாதிரிக் காயிலுக்குத்தான் கிட்டார்க்காரர்கள் நகையை அடகு வைக்கிறார்கள்.

கிட்டார் கம்பெனி கிப்ஸனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காயில் பிக்கப்புக்கு ஒரு வியாதி உண்டு: தந்தியோடு சேர்த்து அக்கம்பக்கத்து மின்சாரத்தையும் ஒட்டுக்கேட்டு ‘உம்ம்ம்’ என்று முனகும். கிப்ஸன் இன்ஜினியர் சேத் லவர் பக்கத்திலேயே இன்னொரு காயிலை எதிர்த்திசையில் சுற்றிவைத்து, காந்தத்தின் வடதுருவத்தை ஒன்றுக்கும் தென்துருவத்தை மற்றதற்கும் பங்கு போட்டார். முனகல்கள் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழிந்தன. தந்தியின் ஒலி மட்டும் கூடிக்கொண்டது. ஹம்பக்கர் பிறந்தது. 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1957-ல் லெஸ் பால் கிட்டார்களில் ஏறியது. ‘காப்புரிமை கேட்டிருக்கிறோம்’ என்று அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கரின் ஆங்கில வாசகத்தைச் சுருக்கித்தான் பி.ஏ.எஃப். என்கிறார்கள். அசல் பி.ஏ.எஃப். ஜோடி ஒன்றின் விலையில் இன்றைக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் கார் ஓட்டலாம்.

எங்கள் கஸ்டமர் கம்பெனி ஆடிட்டர் யாராவது அன்றைக்கு மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் அந்த லைனுக்குள் நுழைந்திருந்தால் வாசலிலேயே சாய்ந்திருப்பார். காயிலுக்கு 5,000 சுற்று என்பது கணக்கு. ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். ஒரே பிக்கப்பில் உள்ள இரண்டு காயில்களே ஒத்துப்போகாது. காந்தம் ஆல்னிகோ 2, 3, 4, 5 இவற்றில் ஸ்டோரில் எது இருந்ததோ அது. 1959 வாக்கில் கறுப்பு பிளாஸ்டிக் கிடைக்காமல் போக, கம்பி சுற்றும் பாபினை வெளிர்மஞ்சளில் வார்த்துவிட்டார்கள். மேலேதான் உலோக மூடி இருக்கிறதே, யாருக்குத் தெரியப்போகிறது! டீவியேஷன் அப்ரூவல் வாங்கினார்களா, கஸ்டமருக்கு ஒரு மெயிலாவது, சரி, ஒரு தந்தியாவது அடித்தார்களா என்று எனக்கு இப்போது நினைத்தாலும் படபடக்கிறது. இன்றைக்கு அந்த வெளிர்மஞ்சள் பாபினுக்குத்தான் கூடுதல் விலை. மூடியைக் கழற்றி, உள்ளே மஞ்சள் தெரிந்தால் வீட்டில் பாயசம் வைக்கிறார்கள்.

1959-ல் காப்புரிமை கிடைத்தது. அதற்கப்புறம் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்களே, அந்த எண் பிக்கப்புக்கானதே இல்லை. அந்தக் கிட்டாருக்குப் பெயர் தந்த லெஸ் பால் வடிவமைத்த தந்தி தாங்கியின் காப்புரிமை எண். அந்த எண்ணை எழுதிக் கேட்டுக் காப்பியடிக்க நினைத்த போட்டிக்காரன் கைக்கு வேறு ஏதோ படம் போயிருக்கும். திட்டமா, கவனக்குறைவா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். கோபுரத்தில் ஏறி ரகசிய மந்திரத்தை ஊருக்கே உரக்கச் சொன்ன ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் குடியிருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

கிப்ஸனாவது பரவாயில்லை. நேத்தன் டேனியல் என்று ஒரு மகானுபாவர் இருந்தார், நியூ ஜெர்சியில் டேன்எலக்ட்ரோ முதலாளி. 1950-களில் மலிவு கிட்டார்கள் செய்து சியர்ஸ் கடைக்குக் கொடுத்தார். மரச்சட்டத்தின் மேல் ஹார்டுபோர்டை ஒட்டினால் அது உடம்பு. பிக்கப்புக்கு உறை வேண்டுமே என்றதும் லிப்ஸ்டிக் குழாயை மொத்தமாக வாங்கினார். காந்தத்தைச் சுற்றிக் கம்பி, கம்பிமேல் டேப், அதைக் குழாய்க்குள் செருகினால் ஜோலி முடிந்தது. எங்கள் பர்ச்சேஸ் மேனேஜருக்குக் குலதெய்வமாக இருந்திருக்க வேண்டியவர். பாத்திரச் சீட்டுப் பரிசு அளவுக்கு எதிர்பார்த்து வாங்கினவர்களுக்குக் கணீரென்று, ஓரத்தில் லேசாக இனிப்புத் தட்டும் ஒரு ஒலி கிடைத்தது. ஜிம்மி பேஜ் டேன்எலக்ட்ரோ வாசித்தார். ஸ்டீவி ரே வான் தன் கிட்டார் ஒன்றில் லிப்ஸ்டிக் பிக்கப்புகளையே பொருத்திக்கொண்டார்.

இன்னொரு கிட்டார் கம்பெனியான ஃபெண்டரில் 1956-ல் வேலைக்குச் சேர்ந்தவர் அபிகெயில் இபாரா. வேலை, பிக்கப்புக்குக் கம்பி சுற்றுவது. மெஷின் சுழலும், கம்பியை விரலால் வழிநடத்துவது அவர். கை என்றால் கைதானே, சுற்று ஒரே சீராக விழாது. அந்தச் சீரின்மையில்தான் சுகம் என்று பிற்காலத்தில் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். 2013-ல் அவர் ஓய்வு பெறுவதற்குள் அவர் பெயர் போட்ட பிக்கப்புக்குத் தனி மவுசு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் 2006-ல் திறந்து 2014-ல் மூடிய நோக்கியா ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்களிலிருந்து ஷிப்ட் பஸ் ஏறி வந்தவர்கள். எத்தனையோ கோடிப் போன்கள் அவர்கள் கையைத் தாண்டிப் போயின. ஒரு போனிலும் ஒரு பெயரும் கிடையாது.

அந்தப் போன்களுக்கும் பிக்கப்புக்கும் நேரடித் தகராறு உண்டு. பழைய ஜி.எஸ்.எம். போன் அலையை விட்டுவிட்டு அனுப்பும். அந்தத் துடிப்பு காயிலில் ஏறி ஆம்ப்ளிஃபயரில் ‘டிட்டிட்டிட் டிட்டிட்டிட்’ என்று கேட்கும். போன் மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே கேட்டுவிடும். ஷிப்ட் இன்சார்ஜ் கூப்பிடப் போகிறார் என்று என் பிக்கப் முன்கூட்டி எச்சரித்த காலம் உண்டு. பாட்டுக்கு உதவாவிட்டாலும் அந்த உதவியை மறக்க முடியாது. ஒற்றைக் காயில் பிக்கப்போடு வாடகை ரூமில் குடித்தனம் செய்வது தனிக் கலை. டியூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், கீழே போர் மோட்டார் எல்லாம் கச்சேரியில் கலந்துகொள்ளும். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினால் ஒரு திசையில் முனகல் அடங்கும். காயில் அந்தக் கோணத்தில் காந்தப்புலத்தைப் பிடிக்காது என்பதுதான் விஷயம். என் ரூமில் அது தென்மேற்கு மூலை. ஹவுஸ் ஓனரம்மா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, “பரவாயில்லையே தம்பி, வாஸ்து எல்லாம் பாக்கறீங்க” என்று வாடகையை அந்த வருஷம் கூட்டாமல் விட்டார்.

ஏமாற்றக் கதைகளும் உண்டு. எங்கள் டூல் ரூம் பையன் ஒருவன், டையை மைக்ரான் கணக்கில் செட் பண்ணுகிறவன், ஆசைப்பட்டு வெளிநாட்டுப் பிக்கப் வரவழைத்து மாட்டினான். மறுநாள் கேன்டீனில் முகமே சரியில்லை.

“அண்ணா, பழசே தேவலை. நோட்டு நிக்கவே மாட்டேங்குது. சுருதியும் அலையுது.”

போய்ப் பார்த்தால் பிக்கப் தந்தியை முட்டாத குறையாக ஏறி நிற்கிறது. அத்தனை கிட்டத்தில் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். தந்தி சுதந்திரமாக அதிராது, ஒலி சீக்கிரம் சாகும், ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்வரமாகத் தள்ளாடும். இரண்டு ஓரத்திலும் ஸ்க்ரூ இருக்கிறது, கொஞ்சம் இறக்கினால் போதும். எங்கள் சென்சாரிலும் இதே இடைவெளிதான் உயிர். அதற்கென்றே ஃபீலர் கேஜ் வைத்துக்கொண்டு அலைகிறோம். இவன் ஏன் தொடவில்லை?

“இம்போர்ட்டட் ஆச்சேண்ணா. அவங்களே செட் பண்ணித்தான் அனுப்பியிருப்பாங்கன்னு...”

பிக்கப் சரியில்லை என்று உலகம் முழுக்க வரும் புகாரில் பாதி இந்த ஸ்க்ரூவோடு தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதியில் வேடிக்கை என்னவென்றால், குறையே இல்லாத பிக்கப்பும் ஏமாற்றும். லெஸ் பால் ஆசை ஆசையாகக் குறைந்த மின்தடை கொண்ட பிக்கப்பைக் கொண்டுவந்தார். கிப்ஸன் அதை 1969-லும், பிறகு 1971-ல் ‘ரெக்கார்டிங்’ என்ற மாடலிலும் போட்டது. சத்தம் சுத்தம், எத்தனை நீளக் கேபிள் போட்டாலும் மங்காது. எங்கள் ஆடிட்டர் பார்த்திருந்தால் கட்டித் தழுவியிருப்பார். வாசிக்கிறவர்கள் வாங்கவில்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அழுக்கு வேண்டும் என்று பி.ஏ.எஃப். பக்கமே போய்விட்டார்கள்.

பிக்கப் நம் ஊரில் கொடுத்த பெரிய ஆச்சரியம் சபாவில் நடந்தது. 1981-ல் சென்னையில் ஒரு சின்னப் பையன் எலெக்ட்ரிக் மேண்டலினோடு மேடையேறினான். பாலகொல்லுவில் 1969-ல் பிறந்த யு. ஸ்ரீனிவாஸ். மேண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி இருக்கும்; மீட்டிய வேகத்தில் ஒலி அவிந்துவிடும். கமகம் என்பது, விரல் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும்வரை ஸ்வரம் உயிரோடிருந்தால்தான் நடக்கும். ஸ்ரீனிவாஸ் ஒற்றைத் தந்திகளாக ஐந்து கட்டினார். மிச்சத்தைக் காந்தமும் காயிலும் பார்த்துக்கொண்டன. இது கர்நாடக வாத்தியமா என்று முகம் சுளித்தவர்களே அப்புறம் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். 1983-ல் பெர்லின் ஜாஸ் விழா, பிறகு கிட்டார்க்காரர் ஜான் மெக்லாஃப்லினோடு ‘ரிமெம்பர் சக்தி’ குழு, 1998-ல் பத்மஸ்ரீ. 2014-ல் நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார்.

என் பெரியப்பா ஸ்ரீனிவாஸின் பரம பக்தர். என் கிட்டாரைக் கண்டால் ஆகாது. “கரெண்ட்டுல வாசிக்கறதெல்லாம் ஒரு வாத்தியமாடா?” என்பார், டேப்பில் ஸ்ரீனிவாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே. இரண்டுக்குள்ளும் அதே காந்தம், அதே கம்பி என்று படம் வரைந்து காட்டினேன். “அது வேற” என்று முடித்துவிட்டார். அவர் மகள், என் அக்கா, வீணை வாசிப்பவள். பெரியப்பாவை மடக்கலாமென்று என் பிக்கப்பை அவள் வீணைத் தந்திக்குக் கீழே பிடித்தேன். எஃகான சாரணியும் பஞ்சமமும் தெருமுனைவரை கேட்டன. மந்தரத்துக்குப் போனாள், நிசப்தம். அவள் வீணையில் மந்தரமும் அனுமந்தரமும் பித்தளை, பித்தளையைக் காந்தம் சட்டை செய்யாது. “பாத்தியா, கீழ் ஸ்தாயி வரலை. சாஸ்திரம் ஒத்துக்கலை” என்றார் பெரியப்பா, வெற்றிகரமாக.

கடைசியாக என் சொந்தப் பிக்கப். பழைய கிட்டார், ஊர் பேர் தெரியாத பிராண்டு. வியர்வை இறங்கி உள்ளே கம்பி அறுந்துபோயிருந்தது. மல்டிமீட்டர் முள் அசையவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கடையில் ஃபேனும் போர் மோட்டாரும் மலைபோல் கிடக்கும்.

“என்ன கேஜ் சார்?”

“46 வரும்ணே.”

“ஃபேனுக்கே 36தான் சார் போடறோம். 46ங்கறது கொசு மீசை.”

ஆனாலும் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். பாரிமுனையில் சொல்லிவைத்துக் கம்பி வரவழைத்தார். எண்ணிக்கை காட்டும் டிஜிட்டல் மெஷினில் மாட்டிச் சுற்ற ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கரெண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது கவுண்ட்டர் பூஜ்யத்தில் நின்றது. அவர் அசரவில்லை, பாபினைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண் மதிப்பில், மீதியைக் கையால் சுற்றினார். மோட்டார் பழக்கத்தில் வார்னிஷில் முக்கப் போனவரைத் தடுத்து, உருக்கிய மெழுகில் முக்கச் சொன்னேன். கம்பி உள்ளே ஆடினால் சத்தம் கூட்டும்போது கீச்சிடும், மெழுகு பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் மாட்டி வாசித்தேன். ஏழே கால் கிலோ ஓம் காட்டியது. எந்த டிராயிங்கிலும் இல்லாத அளவு. என் வேலைக்கு நியாயமாக நடந்திருந்தால் சிவப்பு டிரே. ஆனால் அப்படி ஒரு ஒலி! அடித்தால் குரைக்கிறது, தடவினால் பாடுகிறது. பிகாரிலிருந்து வந்து டயர் கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து ரூம்காரர் கதவைத் தட்டினார். திட்டத்தான் வந்தார் என்று நினைத்தேன், கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். டூல் ரூம் பையன் தன் இம்போர்ட்டட் பிக்கப்பைக் கழற்றிக்கொண்டு, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணன் சுற்றித் தந்தார். நல்லாத்தான் இருந்தது, கணக்காக, ஒழுங்காக, உப்புச்சப்பில்லாமல். அந்த ஒலி இல்லை. எத்தனை சுற்று வித்தியாசம் என்று துருவித் துருவிக் கேட்டோம். அவர் ஃபேன் ஒன்றைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னைக்கு நடுவுல கரெண்ட் போச்சு சார். இன்னைக்குப் போகலை. அதுக்கு நான் என்ன பண்றது?”