பழங்கணினி பெருந்தட்டை அறியாமை: ஓர் எல்லையோர ஆய்வு

ஹார்டு டிஸ்குக்குத் தமிழில் வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டு என்று மூன்று பெயர்கள் உண்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் பொருளுக்கு நிலைவட்டு என்று பெயர் வைத்தவரின் நகைச்சுவை உணர்வைத் தனி ஆய்வேட்டுக்கு ஒதுக்குகிறேன். தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் இம்மூன்றும் செல்லுபடியாகா. அங்கே அது ‘ஹார்டிஸ்க்’. கள ஆய்வாளன் களத்தின் சொல்லையே ஆளவேண்டும் என்பது மரபாகையால், இங்கும் அதுவே.

ஆய்வுக் களம், அவ்வூர்க் கடைவீதியில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடிக்கும் ஒரு டி.டி.பி. கடை. ஆய்வுப் பொருள், பழைய பென்டியம் த்ரீ கணினி ஒன்று. அதன் 20 ஜிபி ஹார்டிஸ்க் நிரம்பி வழிந்ததால், கோவை காந்திபுரத்திலிருந்து 160 ஜிபியில் ஒன்று வாங்கி, வாளையாறு தாண்டிக் கொண்டுவந்தேன். கடைத் தம்பி அதை மாட்டி, சுவிட்சைப் போட்டு, திரையை வெகுநேரம் பார்த்தான்.

“அண்ணா, இவனுக்கு 137 வரைக்குந்தான் எண்ணத் தெரியுமுங்க.”

இவ்வாய்வின் மூல சூத்திரம் இதுவே. இனி உரை.

பழைய கணினி ஹார்டிஸ்கின் ஒவ்வொரு அறைக்கும் ஓர் எண் தரும். அறைக்கு செக்டார் என்று பெயர். ஒன்றில் 512 பைட் பிடிக்கும். எண்ணை எழுத 28 கட்டங்கள் உண்டு. கட்டத்துக்கு ஒன்று அல்லது பூஜ்யம். 28 கட்டங்களில் எழுதக்கூடிய எண்கள் 26,84,35,456. அதை 512ஆல் பெருக்கினால் 13,743 கோடியே 89 லட்சத்து 53 ஆயிரத்து 472 பைட். இதுதான் 137 ஜிபி. 138ஆவது ஜிபி இருக்கிறது. அதன் விலாசத்தை எழுதக் கட்டம் இல்லை. பரீட்சை ஹால் டிக்கெட்டில் பெயருக்கு விட்ட கட்டங்கள் தீர்ந்து, பாதிப் பெயரோடு பரீட்சை எழுதிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இதே 137ஐ விண்டோஸ் 128 என்று காட்டும். இதை முரண்பாடு என்பர் மேலோட்டமாய்க் கற்றோர். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக அளக்கிறார். கணினி 1,024 வீதம் திருப்பி அளக்கிறது. சின்னப் படியால் அளந்து விற்ற நெல்லை வீட்டுப் பெரிய படியால் அளந்து பார்த்தால் குறையத்தானே செய்யும்?

இத்தகைய தடை இது முதலாவதன்று. 1990களில் 528 எம்பி என்றொரு தடை இருந்தது. அதன் காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் எல்லையோர மக்களின் வாழ்க்கை வரலாறே அதில் அடங்கியிருக்கிறது. அக்காலத்தில் ஒரு அறையைக் குறிக்க சிலிண்டர், ஹெட், செக்டார் என மூன்று எண்கள் வேண்டும். கணினியை எழுப்பிவிடும் பயாஸ் இவற்றுக்கு முறையே 10, 8, 6 கட்டங்கள் விட்டிருந்தது. ஹார்டிஸ்கின் தரப்பிலோ 16, 4, 8. பயாஸின் கணக்குப்படி 8.4 ஜிபிவரை போகலாம். ஹார்டிஸ்கின் கணக்குப்படி ஏறத்தாழ 137 ஜிபி. இருவரும் கைகோத்தால்? ஒவ்வொரு பத்தியிலும் இருவரில் யாருக்குக் கட்டம் குறைவோ அதுவே செல்லும். 10, 4, 6. அதாவது 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார். மொத்தம் 528 எம்பி. 6 கட்டத்தில் 64 வரவேண்டாமா என்று கேட்கும் கூர்மதியாளருக்கு: மற்ற இரண்டையும் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர்கள், செக்டாரை மட்டும் ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். ஏன் என்று கேட்டால் அலுவலகத்தில் கிடைக்கும் பதில்தான் கிடைக்கும்.

இரு பெருந்தகைகள், இருவரும் தனித்தனியே தாராளம். நடுவில் நிற்பவனுக்கு இரண்டிலும் குறைந்தது. இதை ‘எல்லை விதி’ என்று பெயரிட முன்மொழிகிறேன். எல்லையிலுள்ள வேலந்தாவளத்துப் பையன் தமிழகப் பக்கம் போனால் நேட்டிவிட்டி கேட்பார்கள், கேரளப் பக்கம் வந்தால் மலையாளம் கேட்பார்கள். விதிக்கு விலக்கும் உண்டு. பொங்கலுக்குக் கேரள அரசு பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட எல்லை மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறது, ஓணம் விடுமுறையும் உண்டு. ஆக, விடுமுறையில் மட்டும் நமக்கு இரண்டும்.

அடுத்து, ஹார்டிஸ்க் பொய் சொல்லும் இயல்பு. 8.4 ஜிபிக்கு மேற்பட்ட ஐ.டி.இ. ஹார்டிஸ்க் எதைக் கேட்டாலும், 20 ஆனாலும் 160 ஆனாலும், ஒரே பதில்தான் சொல்லும்: 16,383 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார். திறந்து பார்த்தால் உள்ளே இரண்டோ நாலோ ஹெட்கள்தான் இருக்கும். பிறகேன் பதினாறு? படிவம் கேட்கிறது, ஆகவே சொல்கிறது.

இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாற்றில் தேயிலை எஸ்டேட்டில் இருந்த என் சித்தி இதை ஒரே கேள்வியில் புரிந்துகொண்டாள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கும் கன்னடருக்கும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத இடம் தருகிறது. ஆனால் தமிழில் வந்த படிவத்திலும் ‘வீட்டுப்பெயர்’ என்றொரு பத்தி நிற்கும். லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரே கூரை. அதில் எதற்குப் பெயர்? சித்தி ‘ஏழாம் நம்பர் லயம்’ என்று எழுதினாள். பக்கத்து வீட்டாரும் அதையே எழுதினார்கள். அடுப்படிகள் பத்து, வீட்டுப்பெயர் ஒன்று. “உன் டிஸ்கும் லயத்துலயா இருக்கு?” என்றாள்.

137க்குத் திரும்புவோம். 160 இருந்தும் 137தான் என்பது எங்களுக்குப் புதிதன்று. முல்லைப் பெரியாறு அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 152 அடி. 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006இலும் 2014இலும் உச்ச நீதிமன்றம் 142 என்றது. கொள்ளளவு ஒன்று, அனுமதி வேறொன்று என்ற தத்துவத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று கணினித் துறையில் இல்லை. மேலும் விரித்துரைக்கலாம்தான். ஆனால் சித்தி இருந்த வண்டிப்பெரியாறு அணைக்குக் கீழே. அவள் மகளைக் கட்டிக்கொடுத்த தமிழகத்துக் கம்பம் அணைநீர் பாயும் பக்கம். ஆகையால் எங்கள் குடும்பத்தில் இந்த எண்களைச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதில்லை.

தீர்வுகள் குறித்து மூன்று பள்ளிகள் உள.

முதற்பள்ளி அடக்கவாதிகள். சில ஹார்டிஸ்குகளின் பின்புறத்து ஜம்பரை இடம் மாற்றினால், அது தன்னை 32 ஜிபி என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கியதில் ஐந்தில் நான்கு பங்கை மறைத்துவைக்கும் இந்நெறியைக் கடைத் தம்பி “அதுக்குக் காந்திபுரம் போயிருக்கவே வேண்டாங்களே” என்று ஒரே வரியில் மறுத்தான்.

இரண்டாம் பள்ளி பயாஸைப் புதுப்பிக்கச் சொல்லும். பாதியில் கரண்டு போனால் கணினியே போகும். மழைக்காலக் கொழிஞ்சாம்பாறையில் இதை முயல்வது ஆய்வறம் ஆகாது.

மூன்றாம் பள்ளியை அறிமுகப்படுத்தியவர் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி வாத்தியார். கேரளத்தில் 2001இல் தொடங்கி, பின்னாளில் கைட் என்று பெயர் மாறிய ஐ.டி.@ஸ்கூல் திட்டம், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸைப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்திருந்தது. அவர் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். லினக்ஸ் எழுந்து நிற்கும்வரைதான் பயாஸின் தயவு வேண்டும். நின்றதும் அது ஹார்டிஸ்கிடம் நேரே போய் ‘நீ எவ்வளவு?’ என்று கேட்கும். ஆகவே எழுந்து நிற்கத் தேவையானதை பயாஸின் கண்ணுக்கு எட்டும் முன்பகுதியில் வைத்துவிட வேண்டும், அவ்வளவே.

சரி, 28 கட்டம் 48 ஆனது எப்படி? புதுக் கட்டம் எதுவும் வரையவில்லை. அதே கட்டங்களில் இரண்டு தடவை எழுதுகிறார்கள்: முதலில் எண்ணின் மேற்பாதி, அதன்மேலேயே கீழ்ப்பாதி. புது ஹார்டிஸ்க் இரண்டையும் நினைவில் வைத்துச் சேர்த்துக்கொள்ளும். படிவத்தை மாற்றாமல் படிவத்தை வென்ற இந்த உத்தி, என் கணிப்பில், ஏதோ ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில் பயின்றது.

இது தெரியாத பழைய மென்பொருள் 137ஐத் தாண்டி எழுத முயன்றால் நேரும் விபரீதத்தையும் குறிக்க வேண்டும். எண்ணின் தலைப்பகுதி கட்டத்துக்கு வெளியே விழுந்துவிட, மிச்ச எண் ஹார்டிஸ்கின் தொடக்கத்தைக் காட்டும். புதுக் கோப்பு அங்கே இருப்பதன் மேல் போய் உட்காரும். விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் பதிப்புக்கு இந்த ஆபத்து இருந்தது. 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில்தான் 48 கட்டக் கணக்கு சேர்ந்தது.

வாத்தியார் சிடியைப் போட்டு, டீ வாங்கி வரச் சொன்னார். டீ ஆறுவதற்குள் திரையில் 160 வந்தது.

அந்தக் கணினி மேலும் சில வருஷம் ஓடியது. தினமும் காலையில் சுவிட்சைப் போட்டதும் பயாஸ் வழக்கம்போல 137 என்று எழுதும். பிறகு லினக்ஸ் எழுந்து முழு ஹார்டிஸ்கையும் திறந்துவைக்கும். அந்த முதல் வரியையாவது சரிசெய்ய முடியாதா என்று தம்பியிடம் ஒருநாள் கேட்டேன். அவன் மவுசைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“அவன் சொல்லிட்டுப் போறானுங்க.”