பெடலும் பொங்கலும்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாக சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். அரசியல், சினிமா கேள்வியெல்லாம் ஒதுங்கிக்கொள்ள, இந்த வாரத் தபால் முழுக்க சைக்கிள்தான்.

'ஞாயிறு தூங்கி', அம்பத்தூர்
வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. அன்றைக்கும் நாலு மணிக்கு எழுந்து சைக்கிள் மிதிக்கிறவர்களை என்னவென்று சொல்வது?

அம்பத்தூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்து நாடெங்கும் அனுப்பியது உங்கள் ஊரிலிருந்துதான். நாலு மணிக்கு எழுவது பக்தியால் அல்ல, பயத்தால். எட்டரை மணி ஆனால் வெயில் முதுகில் ஏறிவிடும். ரிசார்ட்டுக்குப் போகிற கார்கள் பக்கத்தில் உரசும். அதற்குள் வீடு திரும்பிவிட்டால், விட்ட தூக்கத்தை மதியம் வட்டியோடு வசூலித்துக்கொள்ளலாம்.

'முதல் தடவை', பள்ளிக்கரணை
நண்பர் வரும் ஞாயிறு சைக்கிள் பேரணிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அங்கே என்னதான் நடக்கும்?

திருவான்மியூர் பக்கம் ஏதாவது ஒரு முனையில், இன்னும் இருட்டாக இருக்கும்போதே நாற்பது ஐம்பது பேர் கூடுவார்கள். பாதிப் பேர் டயரை அமுக்கிப் பார்ப்பார்கள், மீதிப் பேர் அடுத்தவர் சைக்கிளை விலை விசாரிப்பார்கள். அமைப்பாளர் ஹெல்மெட், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு மூன்றையும் சரிபார்ப்பார். ஹெல்மெட் போட வேண்டும் என்று சைக்கிள்காரருக்குச் சட்டம் இல்லை, ஆனால் அமைப்பாளரிடம் அந்தச் சட்டமெல்லாம் பேச முடியாது.

பிறகு ஊர்வலம் கிளம்பும். முட்டுக்காடு போய்த் திரும்பினால் 40 சொச்சம் கிலோமீட்டர். மாமல்லபுரம் என்றால் 100-ஐ நெருங்கும், முதல் நாளே அதற்கு ஆசைப்படாதீர்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் ஒட்டிப் போகிறவருக்குக் கால்வாசிக்கு மேல் உழைப்பு மிச்சம். அதனால்தான் அனுபவசாலிகள் முன்வரிசையை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒட்டிப் போவதில் ஓர் ஆபத்து, முன்னால் இருக்கிற பள்ளம் கண்ணில் படாது. எனவே முதலாமவர் கையைத் தாழ்த்திப் பள்ளத்தைக் காட்டுவார், அடுத்தவர் அதையே பின்னால் இருப்பவருக்குக் காட்டுவார். இப்படியே கடைசி ஆள் வரை செய்தி போகும். உங்களுக்கு ஒரே ஒரு விதி: சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள். பின்னால் வருகிற இருபது பேரும் அன்றுதான் உங்களை அறிமுகம் செய்துகொண்டிருப்பார்கள்.

டோல்கேட்டில் ஓரமாக, காசு கொடுக்காமல் கடந்து போகிற சுகத்தை நான் சொல்ல மாட்டேன். நீங்களே அனுபவியுங்கள்.

'கொடி பிடித்தவன்', திருவள்ளூர்
கட்சிகள் நடத்தும் சைக்கிள் பேரணிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அங்கே தலைவர் முதல் நூறு மீட்டர் ஓட்டி, கேமரா போனதும் காரில் ஏறுவார். இங்கே காரே கிடையாது. அங்கே பிரியாணி கட்சிக் கணக்கு. இங்கே ஓட்டி முடித்ததும் சாப்பிடுகிற பொங்கல் அவரவர் கணக்கு.

'சைக்கிள்காரர் சம்சாரம்', மடிப்பாக்கம்
வீட்டுக்காரர் ஒன்றரை லட்சம் கொடுத்து சைக்கிள் வாங்கியிருக்கிறார். எட்டே கிலோவாம். ஒரு விரலில் தூக்கிக் காட்டுகிறார். இன்னும் அரை கிலோ குறைக்கப் புதுச் சக்கரம் வாங்கப் போகிறாராம். தகுமா?

தகாது அம்மா. உலகப் பந்தயங்களை நடத்துகிற சர்வதேச சைக்கிள் சங்கமே, 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளைப் பந்தயத்தில் சேர்ப்பதில்லை என்று விதி வைத்திருக்கிறது. அந்த அளவைத் தொடுவதற்குப் பணத்தைக் கொட்டுகிறவரிடம், கொட்டாமலே குறைக்கக்கூடிய நாலு கிலோ அவர் பெல்ட்டுக்கு மேலேயே இருக்கிறது என்று பக்குவமாகச் சொல்லுங்கள். கோவளம் பக்கம் இருபது கிலோ இரும்பு சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, இந்தக் கார்பன் சைக்கிள் கூட்டத்தை அலட்டாமல் தாண்டிப் போகிற ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் யாரோடும் போட்டி போடவில்லை, பால் திரிவதற்குள் போய்ச் சேர வேண்டியிருந்தது.

'பழைய ராலே', கும்பகோணம்
எங்கள் காலத்தில் விளக்கு இல்லை என்றால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனால் காற்றைப் பிடுங்கி விடும், நகராட்சி வில்லை இல்லை என்றால் அபராதம். இப்போது இளைஞர்கள் இதையெல்லாம் அறிவார்களா?

அறிய மாட்டார்கள். அவர்களில் பலர் மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்ததில்லை, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டதும் இல்லை. ஆனால் ஒன்று, உங்கள் டைனமோ டயரை உரசிக் கர்ரென்று கத்தியபடி கொடுத்த வெளிச்சத்தில் பள்ளத்தை விழுந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. இப்போதைய எல்.இ.டி. விளக்கில் விழுவதற்கு முன்பே தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் பழமையை விட்டுக்கொடுங்கள் ஐயா.

'காற்று போனவன்', குரோம்பேட்டை
போன பேரணியில் பங்க்சர். புது டியூப் மாட்டினேன், பத்தே நிமிடத்தில் அதுவும் போச்சு. பங்க்சர் கடைக்குப் போனால், 'இந்த வாய்க்கு நம்மகிட்ட காத்து இல்ல சார்' என்றார். என்ன செய்தேன் தப்பாக?

இரண்டு தப்பு. டியூப்பைக் கழற்றியதும் புதுசை மாட்டிவிட்டீர்கள், குத்தியது எது என்று தேடவில்லை. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கிற எஃகுக் கம்பி இழைகள் சாலை ஓரத்தில் கிடக்கும். தலைமுடி கனம்தான். டயரில் ஏறி உட்கார்ந்துகொண்டால் வெளியிலிருந்து தெரியாது. டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாக, ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். அவசரமாகத் தடவினால் விரலும் பங்க்சர் ஆகும். எங்கேயாவது 'சுருக்' என்றால் அங்கே நிறுத்தி, நகவெட்டியாலோ குறட்டாலோ பிடுங்குங்கள். தட்டுப்படவே இல்லையா? பழைய டியூப்பில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். வால்விலிருந்து எத்தனை அங்குலமோ, டயரிலும் அதே இடத்தில்தான் குற்றவாளி இருப்பான். இதற்காகத்தான் டயரின் பெயர் எழுதிய இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுகிறார்கள். அழகுக்கு அல்ல.

இரண்டாவது, வால்வு. ரோடு சைக்கிளில் பெரும்பாலும் பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வு இருக்கும். கடைக்காரரின் குழாய், பைக், கார் வாய்க்குப் பொருந்துவது. நடுவில் மாட்ட ஒரு பித்தளை அடாப்டர் இருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவு. விலையும் அப்படித்தான். ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் இருக்கிற பையில் போட்டு மறந்துவிடுங்கள். அப்போதும் கடைக்காரர் பைக் கணக்கில் 30 அடித்துவிட்டுப் போதும் என்பார். உங்கள் ஒல்லி டயருக்கு 80, 90 வேண்டியிருக்கும். 'வெடிச்சா நான் பொறுப்பில்ல' என்பார். 'சரிண்ணே' என்று சொல்லிவிட்டு, நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

வெறும் வால்டியூப்பை மாற்றிக்கொண்டு ஊர் சுற்றிய காலம் எவ்வளவு எளிமை என்று கும்பகோணத்துக்காரர் இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்.

'கூச்சம்', நங்கநல்லூர்
அந்தப் பஞ்சு வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போட வேண்டுமா, வேண்டாமா? யாரிடமும் கேட்க முடியவில்லை.

வேண்டாம். தையல் உரசித் தோல் போய்விடும். கூச்சம் ஒரு நாள், புண் ஒரு வாரம்.

'எதிர்க்கட்சி', நீலாங்கரை
போகும்போதும் எதிர்காற்று, திரும்பும்போதும் எதிர்காற்று. இயற்கைக்கு என் மேல் என்ன கோபம்?

கோபம் இல்லை, கணக்கு. காற்றே வீசாத நாளில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும், 25 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடிக்கத்தான் செய்யும். முதுகில் தள்ளும் காற்று பத்து என்றாலும் மீதிப் பதினைந்து முகத்துக்குத்தான். அந்தத் தள்ளலை 'ஆஹா, இன்று நல்ல ஃபார்மில் இருக்கிறேன்' என்று நாம் நம்புவோம், காற்றுக்கு நன்றி சொல்ல மாட்டோம். எதிரே அடித்தால் மட்டும் புகார். காற்றின் தடை வேகத்தோடு சமமாகக் கூடுவதில்லை: வேகம் இரட்டிப்பானால் தடை நாலு மடங்கு.

கடற்கரைச் சாலைக்கு ஒரு பருவக் கணக்கும் உண்டு. ஐப்பசி முதல் தை வரை வடகிழக்குக் காற்று. மாமல்லபுரத்துக்கு அது உங்களைத் தூக்கிக்கொண்டு போகும், திரும்பி வரும்போது அதற்கான வாடகையை வசூலிக்கும். கோடையில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வீசும், போகும்போதே அழுதுவிட்டால் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டு வரலாம். நான் கோடைக் கட்சி.

'தூரப் பைத்தியம்', விழுப்புரம்
ஒரே மூச்சில் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறார்களாமே? பரிசு எவ்வளவு?

பரிசு கிடையாது. முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. 'பிரெவே' என்று பெயர், பாரிஸில் இருக்கிற ஓடாக்ஸ் கிளப் வகுத்த விதிகள். 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. ஒரே பருவத்தில் நாலையும் முடித்தால் 'சூப்பர் ரான்டனர்' என்று பட்டம். பதக்கம் வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்!

கையில் ஓர் அட்டை தருவார்கள். வழியில் குறிப்பிட்ட இடங்களில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை குத்த ஆள் இல்லாத இடத்தில் டீக்கடை பில், ஏ.டி.எம். சீட்டு ஏதாவது சாட்சி. ராத்திரி இரண்டு மணிக்கு ஹெல்மெட்டோடு ஒருவர் ஏ.டி.எம்.முக்குள் போய், பணம் எடுக்காமல் பேலன்ஸ் மட்டும் பார்த்து, சீட்டை பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு வந்தால் வாட்ச்மேன் என்ன நினைப்பார்? இன்னொரு வேடிக்கை, ரொம்பச் சீக்கிரம் போனாலும் செல்லாது. 200 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடிக்கலாம், அதற்கும் முன்னால் போனால் முடிவிடம் திறந்திருக்காது.

இந்த ஜாதிக்கு காசி யாத்திரை, பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது நாலு வருடத்துக்கு ஒருமுறை, 1,200 கிலோமீட்டருக்கு மேல், 90 மணி நேரம் கெடு. அதன் பெயரிலேயே சைக்கிள் சக்கரம் மாதிரி வட்டமாக ஓர் இனிப்பும் பிரான்ஸில் உண்டு. நம் மெதுவடையும் அதே வடிவம்தான், நாம்தான் விழா எடுக்காமல் விட்டுவிட்டோம்.

நம் ஊர்க் கிராமங்களில் பொட்டலில் கம்பம் நட்டு, ஸ்பீக்கர் கட்டி, ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவார் ஒருவர். குளிப்பது, பல் தேய்ப்பது எல்லாம் சைக்கிள் மேலேயே. நெஞ்சில் டியூப்லைட் உடைப்பு தனி. அவருக்கு விரித்த துண்டில் விழுந்த சில்லறைதான் வருமானம். அவருக்கு யாரும் சூப்பர் பட்டம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

'ஒற்றை ஆள்', காரைக்குடி
எங்கள் ஊர் சைக்கிள் குழுவில் நான் ஒருத்திதான் பெண். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது' என்று தெருவில் பேசுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

பக்கத்து மாவட்டம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அறிவொளி இயக்கம் நடந்தபோது புதுக்கோட்டை ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையை முன்னெடுத்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கல் உடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லோரும் ஓட்டினார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோக, ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பலருக்கு அதுதான் பிடித்தது, முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரம் மிச்சமானது, விளைபொருளைத் தாங்களே ஏற்றிக்கொண்டு போய் விற்க முடிந்தது.

அதே 1992-ல்தான் 'அண்ணாமலை'யில் ரஜினி பால்காரராக சைக்கிளில் வந்தார். தமிழ்நாடே விசிலடித்தது. புதுக்கோட்டைப் பெண்களுக்கு விசிலடித்தவர்களும் இருந்தார்கள், அது வேறு மாதிரி விசில். அவர்கள் இறங்கவில்லை.

உங்கள் தெருவில் பேசுகிறவர்களின் அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். அதில் ஒருத்தி அந்த ஊர்வலத்தில் வந்தவளாக இருக்கலாம்.

'தராசு', வேளச்சேரி
தவறாமல் பேரணிக்குப் போகிறேன். எடை கூடியிருக்கிறது. எப்படி?

40 கிலோமீட்டர் ஓட்டினால், உடம்பையும் வேகத்தையும் பொறுத்து 800 முதல் 1,000 கலோரி வரை செலவாகும். முடிந்ததும் நெய்ப்பொங்கல், இரண்டு வடை, 'சும்மா பாதி' என்று பகிர்ந்துகொண்ட முழு மசால்தோசை, டிகிரி காபி. கடன் அடைந்தது மட்டுமில்லை, டெபாசிட்டும் போட்டாகிவிட்டது.

'செயலி பக்தன்', சோழிங்கநல்லூர்
ஸ்ட்ராவாவை ஆன் செய்ய மறந்துவிட்டேன். அன்று ஓட்டிய 60 கிலோமீட்டர் கணக்கில் சேருமா?

கால் வலிக்கிறதா? சேர்ந்துவிட்டது.

'குரைப்பு', பெரும்பாக்கம்
தெருநாய் துரத்தினால் வேகமெடுப்பதா, நிற்பதா?

துரத்துகிற சுவாரசியத்தை எடுத்துவிடுங்கள். வேகத்தைக் குறைத்து நின்றுவிட்டால் பெரும்பாலான நாய்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. இறங்கி, சைக்கிளை நடுவில் தடுப்பாக வைத்து, அதட்டிக்கொண்டே நடந்து கடந்துவிடுங்கள். காலால் உதைக்கப் போகாதீர்கள், நாய் தப்பித்துக்கொள்ளும், நீங்கள் விழுவீர்கள். மீறிப் பல் பட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே ஊசி. இதில் மட்டும் நகைச்சுவை கிடையாது.

'வால்', தாம்பரம்
எப்போதும் நான்தான் கடைசி. மற்றவர்களுக்கு பாரமாக இருக்கிறேனோ என்று போகவே தயக்கமாக இருக்கிறது.

ஒழுங்கான குழுவில் கடைசி ஆள் நீங்களாக இருக்கவே முடியாது. உங்களுக்கும் பின்னால் 'ஸ்வீப்' என்று ஒருவர் வருவார், பெரும்பாலும் குழுவிலேயே நன்றாக ஓட்டுகிறவர். யாரும் தனக்குப் பின்னால் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே அவர் வேலை. அப்படி ஒருவரை வைக்காத குழு என்றால் வேறு குழு பாருங்கள். வேகமாகப் போகிறவர்கள் முட்டுக்காடு பாலத்தில் உங்களுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே மூச்சு வாங்குகிறார்கள், படமெடுக்கிறார்கள், இளநீர் குடிக்கிறார்கள். நீங்கள் வராவிட்டால் அவர்களுக்கு நிற்கக் காரணம் கிடைக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஓட்டலுக்கு வந்து சேரும்போது வடை தீர்ந்திருக்கும். கிளம்பும்போதே ஸ்வீப் காரரிடம் போன் நம்பர் வாங்காதீர்கள், முதலில் போகிறவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.