கேதப் பெட்டியும் காதுகுத்துப் பெட்டியும்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று மதுரையிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் விசேஷங்களுக்குப் பாட்டுப் போட ஊருக்கு ஒருவர் இருப்பார். கடைப் பெயர் குலதெய்வத்தில் தொடங்கும். அப்பா காலத்தில் ‘ரேடியோஸ்’ என்று முடிந்தது, மகன் காலத்தில் ‘டிஜே’ என்று முடிகிறது. போர்டில் என்ன எழுதியிருந்தாலும் ஊருக்கு அவர் ‘ரேடியோ செட்டு அண்ணன்’தான். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

விழா வீட்டில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஹெட்போன் ஒரு காதில் மட்டும் இருக்கும். மறு காது புகார் கேட்பதற்கு. “அண்ணே, சத்தம் பத்தல” என்று மாப்பிள்ளையின் கூட்டாளிகளும், “தம்பி, நெஞ்சு அடைக்குதுப்பா” என்று அப்பத்தாவும் அந்த ஒரே காதில்தான் வந்து சொல்வார்கள். இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டு, எந்தத் திருகையும் தொடாமல் இருப்பார். சற்று நேரத்தில் இரண்டு பேரும் வந்து, “இப்பத்தான் நல்லாருக்கு” என்பார்கள்.

லேப்டாப்பைத் திறந்ததும் அதற்குச் சூடம் காட்டுவார். முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. இதில் பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பிறகுதான் மென்பொருள் தன் வேலையைக் காட்ட வரும்.

டிஜே மென்பொருளுக்குத் தெரிந்தது இரண்டு கணக்கு. ஒன்று, பாட்டு நிமிடத்துக்கு எத்தனை அடி ஓடுகிறது என்ற பிபிஎம். இன்னொன்று சுருதி. சுருதியை 12 எண்ணாகவும் ஏ, பி என்று இரண்டு எழுத்தாகவும் பிரித்துச் சக்கரம்போல் அடுக்கியிருக்கிறார்கள். கேமலாட் சக்கரம் என்று பெயர். 8ஏ பாட்டு ஓடினால் அதோடு 7ஏ, 9ஏ, 8பி மூன்றும் இழையும். கல்யாணத் தரகர்போல் ராசி, நட்சத்திரம் பார்த்து, ‘அடுத்து இதைப் போடு’ என்று ஒரு பட்டியல் நீட்டும். படத்தின் ஆண்டு, பாடகர், இசையமைப்பாளர் என்று நாம் எழுதி வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பொருத்தம் சொல்லும் மென்பொருள்களும் உண்டு.

வினை அங்கேதான் ஆரம்பம். ‘பாசமலர்’ (1961) படத்துக் கல்யாணப் பாட்டு ஓடுகிறது என்று வையுங்கள். எழுதியவர் கண்ணதாசன், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. அடுத்த ஆண்டு வந்த ‘பாத காணிக்கை’ படத்தில் நம்ம மதுரைக்காரர் டி.எம்.எஸ். பாடிய அந்தத் தத்துவப் பாட்டுக்கும் அதே கண்ணதாசன், அதே இரட்டையர். வெறும் தகவலாகப் பார்த்தால் இவ்வளவு நெருங்கிய சொந்தம் கிடைக்காது. ஆனால் அந்த இரண்டாவது பாட்டு தெற்கத்தி ஊர்களில் கேத வீட்டில், அதாவது சாவு வீட்டில், பந்தல் போட்டதும் ஒலிக்கிற பாட்டு. பெண்ணழைப்பில் அதைப் போட்டால் மறு காது தனியாகக் கழன்றுவிடும்.

இன்னொரு பொருத்தம் கேளுங்கள். முளைப்பாரி ஊர்வலத்தில் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. சாமியாடிகள் மருள் வந்து நிற்கிறார்கள். மென்பொருளோ குரலைப் பார்க்கிறது. ‘பணமா பாசமா’ (1968) இலந்தைப்பழப் பாட்டை எடுத்து நீட்டுகிறது. அதே குரல்தானே!

அப்பா காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அவரிடம் இசைத்தட்டுகள் தகரப் பெட்டிகளில் இருந்தன. கல்யாணப் பெட்டி, சாமிப் பெட்டி, கேதப் பெட்டி. கேதப் பெட்டி வீட்டுக்குள் வராது, திண்ணையோடு சரி. காதுகுத்துக்குப் போகிற மாட்டு வண்டியில் அது ஏறவே ஏறாது. ஏறாத பெட்டியிலிருந்து தப்பான பாட்டு எப்படி வரும்?

மகன் கடைசியில் அப்பா வழிக்கே வந்து சேர்ந்தார். மிக்ஸ் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதிலும் பாட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கலாம். நாம் சாப்பிடப் போகும்போது ஓட்டுகிற ஆட்டோ டிஜே, ‘இந்தப் பெட்டிக்குள் மட்டும் கை விடு’ என்று ஒரு டிக் அடித்தால் அதற்குக் கட்டுப்படும். பொருத்தம் தேடுவதையும் பெட்டி பெயர் போட்டு அதற்குள் அடக்கலாம். அண்ணன் இதைக் கண்டுபிடித்த அன்று அப்பாவிடம் காட்டினாராம். அப்பா கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்துவிட்டு, “இதத்தானடா நான் தகரத்துல வச்சிருந்தேன்” என்றாராம்.

இப்போது பெட்டிக்குக் கோர்ட்டும் காவல். 2004 ஜூலையில் ஒத்தக்கடை பக்கம் திறந்த உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, திருவிழா ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டுப் போகிற வழக்குகளில் வழக்கமாக விதிக்கிற நிபந்தனை ஒன்று உண்டு. ஆபாசம் கூடாது; எந்தக் கட்சியையும் சாதியையும் தலைவரையும் தூக்கிப் பிடிக்கிற பாட்டு கூடாது. இது எந்த பிபிஎம்மிலும் தெரியாது. ஒரே தாளம், ஒரே சுருதி. ஒன்று கைதட்டு வாங்கும், இன்னொன்று வேல்கம்பை எடுக்க வைக்கும். அதனால் அண்ணனிடம் ‘போடவே கூடாது’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், “அங்கிட்டு நிறைய இருக்குண்ணே” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

கணக்கிலும் மென்பொருள் இவரிடம் தோற்பது உண்டு. அந்தக் காலப் பாட்டுகளில் தாளம் மனிதக் கையில் வாசித்தது. போகப் போக லேசாக வேகம் கூடும். நாலு நாலாக எண்ணிப் பழகிய மென்பொருள், மும்மூன்றாகத் துள்ளும் தெம்மாங்கைப் பார்த்ததும் தடுமாறி, 70 என்பதை 105 என்று எழுதி வைக்கும். அண்ணன் செருப்புக் காலால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு எண்ணைத் திருத்துவார்.

ஆனால் இவருடைய உண்மையான வித்தை இதிலெல்லாம் இல்லை. தாய்மாமன் சீர் தெருமுனையில் திரும்பும்போது ‘கிழக்குச் சீமையிலே’ (1993) சீர்ப் பாட்டு போட வேண்டும் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். அண்ணன் அதற்கு முன்னால் சமையல்காரரிடம் போய் மெதுவாக விசாரிப்பார்: “அக்கா தம்பி பேச்சுவார்த்தை இருக்கா?” அந்தப் படமே அண்ணன் தங்கச்சி உறவு முறிந்துபோன கதை. உறவு அறுந்த வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டால், செய்முறை எழுதுகிற நோட்டு நனைந்துவிடும். பேச்சு இல்லை என்று தெரிந்தால் வெறும் நாதஸ்வரம் வாசிக்கவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். இப்படி ஒரு தகவலைக் கேட்டு வாங்கும் கட்டம் எந்த மென்பொருளிலும் இல்லை.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அண்ணனுக்கு அது மனப்பாடம். 9.55-க்கு “கடைசிப் பாட்டு மாமா” என்பார். 10.20-க்கும் அதையே சொல்வார். போலீஸ் ஜீப் தெருவுக்குள் வந்தால்தான் அது நிஜமாகவே கடைசிப் பாட்டு.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இவரைப் பிடித்தால் ஒன்று செய்யுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே, எந்தப் பாட்டைப் போடக்கூடாது, யாரோடு உங்களுக்குப் பேச்சு இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். போட வேண்டிய பாட்டை அவரே பார்த்துக்கொள்வார்.