மார்புப் பட்டை மாமா

காலை நேரத்தில் பூங்காவில் எதிரே வருகிறவரிடம், "என்ன சார், சௌக்கியமா?" என்று கேளுங்கள். "நூற்றுப் பதினெட்டு" என்று பதில் வந்தால், நீங்கள் மார்புப் பட்டை மாமாவைச் சந்தித்துவிட்டீர்கள்.

மின்வாரியத்திலோ பொதுப்பணித் துறையிலோ பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். பனியனுக்குள் மார்பைச் சுற்றி ஒரு பட்டை. அதன் நடுவில் இதயத்துடிப்பைப் பிடித்துக் கைபேசிக்கு அனுப்பும் சிறு வில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கைக்கடிகாரமும் துடிப்பைக் காட்டும்தான். மாமா அதை மதிப்பதில்லை. "அது தோல் மேல பச்சை வெளிச்சம் அடிச்சு ரத்த ஓட்டத்தைப் பார்த்துச் சொல்லுது. இது இதயத்தோட மின்சாரத்தையே நேரா வாங்குது. எது ஒசத்தி?" மின்வாரியத்துக்காரரிடம் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பின்லாந்தில் 1977இல் தொடங்கிய போலார் கம்பெனிதான் இந்த வித்தையில் முன்னோடி, பனிச்சறுக்கு வீரர்களை மனத்தில் வைத்து ஆரம்பித்தார்கள் என்பதையும் சொல்வார். மயிலாப்பூரில் வியர்த்து வழிந்தபடி சொல்வார்.

220இல் வயதைக் கழித்தால் துடிப்பின் உச்சவரம்பு. 68 வயது மாமாவுக்கு 152. அது தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும் என்று டாக்டர்கள் சொன்னாலும் மாமா ஏற்பதில்லை. விதி என்றால் விதிதான்.

இப்படிப்பட்டவரின் வாழ்வில் ஒரு நாள் திரையில் 48 தெரியும். நாலு எட்டு வைத்தால் 203. மாமா அப்படியே சிமெண்ட் பெஞ்சில் சாய்வார். நடைக் கோஷ்டி கூடும். ஒருவர் இளநீர் வாங்க ஓடுவார், ஒருவர் ஆட்டோ பிடிக்க ஓடுவார், பட்டையே கட்டாத ஒருவர் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பார்த்து, "எண்பத்து நாலு. மனுஷனுக்கு ஒண்ணுமில்ல, மிஷினுக்குத்தான் உயிர் போகுது" என்பார். மாமா சட்டென்று எழுந்து உட்கார்வார். முகத்தில் நிம்மதி தெரியும் என்று நினைப்பீர்கள். தெரிவது கவலை. "செல் மாத்தணுமே!"

செல் வாங்கும் படலம் தனி. தெருமுனைக் கடிகாரக் கடைக்காரர், கேட்ட 2032க்குப் பதிலாக 2025 எண் போட்டதை நீட்டி, "ரெண்டும் ஒண்ணுதான் சார், உள்ளே உக்காந்துக்கும்" என்பார். இங்கேதான் மாமா விஸ்வரூபம் எடுப்பார். "சி.ஆர். 2032ன்னா 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். உங்களது 2.5. மிச்சம் 0.7ஐ நீங்க வந்து பிடிச்சுக்குவீங்களா?" கடைக்காரர் அதற்குப் பிறகு அவர் தலையைக் கண்டால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவதாகக் கேள்வி. மாமா நேரே ரிச்சி தெருவுக்குப் போய், அட்டையைப் புரட்டிப் புரட்டித் தேதி பார்த்து வாங்கி வருவார்.

அறுவை சிகிச்சை வீட்டுக் கூடத்தில். மேஜையில் செய்தித்தாள் விரிப்பார். மின்விசிறியை நிறுத்துவார். வில்லையின் பின்மூடியைத் திருக நாணயம் வேண்டும். ஐந்து ரூபாய் தடிமன், பள்ளத்தில் நுழையாது. ஐம்பது காசு கச்சிதம். சட்டப்படி செல்லும், கடைப்படி செல்லாது என்ற நிலையில் உள்ள அந்த நாணயத்துக்கு நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே உத்தியோகம் இதுதான். பழைய செல்லை எடுத்ததும் புதியதைப் போட்டுவிடக் கூடாது. அரை நிமிஷம் பொறுக்க வேண்டும், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியணும் என்று கண்ணை மூடி எண்ணுவார். அடுப்பில் பால் பொங்கும். "என்னங்க, பாலைப் பாருங்க!" என்று பின்கட்டிலிருந்து மாமி குரல் கொடுப்பார். மாமா இருபத்திரண்டில் இருப்பார்.

கூட்டல் குறி மேலே. விரல் பிசுக்குப் படாமல் துணியால் பிடித்து வைப்பார். ரப்பர் வளையம் பிசகாமல் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பார். அங்கே வியர்வை புகுந்தால் புதுச் செல்லும் பாழ். பழையதை டேப் சுற்றி, பேரன் கைக்கு எட்டாத பரணில் போடுவார். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பார். செல் விஷயத்தில் அவர் சொல்வது அத்தனையும் உண்மை. அவரோடு நடக்கிறவர்களுக்கு அதுதான் சங்கடம். சண்டை போடக்கூட வழியில்லை.

செல் கிடைக்காத நாளில் மாமா நடப்பதே இல்லை. "ரீடிங் இல்லாம நடந்தா அது எந்தக் கணக்குல சேரும்?" என்று சாய்வுநாற்காலியில் வடையோடு உட்கார்ந்துவிடுவார். இதய நலனுக்காக வாங்கிய கருவி, இப்படிச் சில நாள் வடைக்கும் வழி செய்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்க, வீட்டுக்குள்ளேயே வேட்டை தொடங்கியது. கார் சாவியைப் பிரித்தார்; வேறு எண். கடைசியில் குளியலறை எடை மிஷினைக் கவிழ்த்தார். அதே 2032! மாமி தீபாவளிக்குப் பிறகு அதனோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தார். அனுமதி கேட்கத் தயங்கி நின்ற மாமாவிடம் ஸ்குரூ டிரைவரை மாமியே கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு ரிச்சி தெருவிலிருந்து அட்டை அட்டையாகச் செல் வந்தாகிவிட்டது. எடை மிஷினுக்கு ஒன்று போடட்டுமா என்று மாமா கேட்கும்போதெல்லாம் மாமி உருகிப்போகிறார்: "இருக்கட்டுங்க, எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்குங்க. உங்க நெஞ்சைவிட எனக்கு என் எடையா பெரிசு?"