மஞ்சக்குப்பம் வட்டாரத்தில் சீரான இயக்கம்: ஓர் அளவியல் ஆராய்ச்சி

ஆய்வின் தேவை

சம கால அளவுகளில் சம தொலைவைக் கடக்கும் பொருள் சீரான இயக்கத்தில் இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். காலத்தைக் கிடை அச்சிலும் தொலைவைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் நேர்கோடு வரும். கோட்டின் சாய்வே வேகம். இலக்கணம் தெளிவாகத்தான் இருக்கிறது, இலக்கியம்தான் அகப்படவில்லை. அவ்வாறு ஒழுகும் பொருள் எதையும் மஞ்சக்குப்பத்தார் கண்ணால் கண்டதற்குச் சான்றில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முன்னோர் முயற்சி

இவ்வட்டாரத்தின் பெரிய இயற்பியல் செய்முறை 1690இல் நடந்தது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியார், பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் தமக்கே என்று பேசி முடித்து, பல திசைகளிலும் சுட்டு எல்லை வகுத்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. நியூட்டனின் ‘பிரின்சிபியா’ வெளிவந்து அப்போது மூன்றே ஆண்டு. காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பறக்கும் குண்டின் கிடைத்திசை வேகம் மாறாது. ஆகவே அது பொன்னான வாய்ப்பு. ஆனால் கம்பெனியார் குண்டு விழுந்த இடத்தை மட்டும் பார்த்தார்கள். எந்த நொடியில் அது எங்கே இருந்தது என்று குறிக்கவில்லை. கால அச்சே இல்லாத அந்தச் செய்முறைக்கு இன்றைய புறத்தேர்வாளர் பாதி மதிப்பெண்கூடப் போடமாட்டார். கம்பெனிக்கோ ஊர்களே கிடைத்தன.

முதல் ஆய்வுப் பொருள்: டவுன் பஸ்

வளைவில் திரும்பும் வண்டி வேகத்தை மாற்றாவிட்டாலும் அதன் திசைவேகம் மாறிவிடும். இச்சிக்கலைத் தவிர்க்க, கெடிலத்தின் மேல் அண்ணா பாலத்தில் திருப்பாதிரிப்புலியூர் நோக்கிப் போகும் பஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது. பாலத்தில் நிறுத்தம் இல்லை என்பது ஆய்வாளரின் நம்பிக்கை. முன்னால் போகும் ஷேர் ஆட்டோவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. அது யாரையோ ஏற்ற நிற்கிறது, பின்னால் பஸ் நிற்கிறது, கோடு படுத்துவிடுகிறது. அந்த வண்டியில் கடைசிவரை மாறாதிருந்தது வேகமானியின் முள் ஒன்றே. அது புறப்பட்டதிலிருந்து சுழியத்தில் நின்றது.

இரண்டாம் ஆய்வுப் பொருள்: தேர்

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. வடம் பிடித்தால் நகரும், முட்டுக்கட்டை கொடுத்தால் நிற்கும். எனவே வரைபடம் படிக்கட்டாக வருகிறது. இதைவிடக் கலக்கமூட்டுவது அடுத்த முடிவு. நான்கு வீதியும் சுற்றிய தேர் புறப்பட்ட நிலைக்கே வந்து சேர்வதால் அதன் இடப்பெயர்ச்சி சுழியம், சராசரித் திசைவேகமும் சுழியம். உள்ளங்கை சிவக்க வடம் இழுத்து வந்தவர்களிடம் இம்முடிவை அறிவிப்பது ஆய்வாளரின் உடல்நலத்துக்கு உகந்ததல்ல.

மூன்றாம் ஆய்வுப் பொருள்: ரெக்கார்டு நோட்டு

நேர்கோடுகள் மலிந்திருப்பது இங்கேதான். வரையும் முறையும் வியப்பானது. முதலில் அடிக்கோலை வைத்துக் கோடு இழுக்கப்படுகிறது. பிறகு அதன்மேல் புள்ளிகள் இடப்படுகின்றன. ஒன்றிரண்டு புள்ளிகளைச் சற்றே விலக்கி வைப்பது அனுபவசாலிகளின் கைவண்ணம். கடைசியாகப் புள்ளிகளைப் பார்த்து அட்டவணை நிரப்பப்படுகிறது. சென்ற ஆண்டு அண்ணன்மாரின் நோட்டு கைக்கு எட்டினால் இந்த உழைப்பும் மிச்சம். ஆண்டு மாறினாலும் அளவீடு மாறுவதில்லை. இதைச் சீரான இயக்கம் என்பதா, அசைவற்ற நிலை என்பதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு வரலாம்.

கண்டறிந்தது

தேடிய பொருள் முடிவில் பிளஸ் ஒன் ஆய்வகத்தில், உயரமான கண்ணாடி ஜாடிக்குள் கிடைத்தது. ஜாடி நிறைய விளக்கெண்ணெய்; அதில் போட்ட சிறு எஃகுக் குண்டு, சைக்கிள் பால்ரஸ் போதும். ஸ்டோக்ஸ் என்பவர் 1851இல் வகுத்த விதியின்படி, குண்டின் வேகம் கூடக்கூட எண்ணெயின் பாகியல் தடையும் கூடுகிறது. கீழே இழுக்கும் எடையை, மேல்நோக்கிய மிதப்பு விசையும் இந்தத் தடையும் சேர்ந்து சரிக்கட்டும் வேளையில் குண்டு நின்றுவிடுவதில்லை. அதுவரை பெற்ற வேகத்திலேயே மாறாமல் இறங்குகிறது. இதுவே முற்றுத் திசைவேகம். குண்டின் ஆரம் இரு மடங்கானால் இவ்வேகம் நான்கு மடங்கு. ஸ்டாப் கிளாக்கை ஒழுங்காக அழுத்தினால் புள்ளிகள் தாமாகவே நேர்கோட்டில் வந்து உட்காரும். அடிக்கோலுக்குக் கடைசியில்தான் வேலை.

ஆகவே நிறுவப்பட்டது யாதெனில்: தடையே இல்லாத வெளி மஞ்சக்குப்பத்தில் கிடையாது. இங்கு ஒன்று சீராக நகர வேண்டுமானால், இழுப்பும் இழுபறியும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும்.

பரிந்துரை

எண்ணெய்ப் பரப்பிலிருந்து சற்றுக் கீழே தள்ளித்தான் ஜாடியில் முதல் குறியை இட வேண்டும். விழுந்த புதிதில் குண்டு இன்னும் முடுக்கத்தில் இருக்கும். அங்கே எடுத்த அளவு செல்லாது. இவ்விதியை அலுவலகங்களுக்கும் நீட்டிக்கலாம். மாற்றலாகி வரும் அதிகாரி எவரின் வேகத்தையும் முதல் வாரத்தில் அளந்து யாரும் முடிவுக்கு வரலாகாது. அவர் கொஞ்சம் எண்ணெய்க்குள் இறங்கட்டும்.